மசாட்லானில் ஆறு நாள், ஒரு வேளைச் சாப்பாடு

மெக்சிகோவின் பசிபிக் கரையில் மசாட்லான் என்றொரு பழைய துறைமுக நகரம் இருக்கிறது. நாங்கள் அங்கே போனது இந்த ஜனவரி கடைசி வாரத்தில். கடற்கரை பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியம் மெல்பர்ன்காரர்களுக்கு இல்லை. வெரிபீயில் எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேரம் கார் ஓட்டினால் கடல். நாங்கள் போனது மாப்பிள்ளை வீடு பார்க்க.

என் மகள் ஜெனிக்கு இருபத்தொன்பது வயது, பிசியோதெரபிஸ்ட். மார்த்தீன் என்ற மசாட்லான் பையனைக் கட்டிக்கொள்வதாக முடிவு செய்து, ஏப்ரலில் வெரிபீ கத்தோலிக்கக் கோவிலில் திருமணம் என்று அவர்களே சாமியாரிடம் பேசித் தேதியும் வாங்கிவிட்டார்கள். பீடம் வரை அவளைக் கைபிடித்து அழைத்துப் போகவேண்டியவன் நான். பையனுடைய வீட்டைப் பார்க்காமல் அந்த வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஜெனி சண்டை போடவில்லை. எனக்கும் என் மனைவி ரோஸ்லினுக்கும் தனக்குமாக மூன்று டிக்கெட் போட்டாள். மார்த்தீன் அடுத்த விசா முடிவாகும்வரை தருகிற பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறான், வெளிநாடு போவது சிக்கல், அதனால் அவன் வரவில்லை. "வந்து பாருங்கப்பா. பார்த்துட்டு நோன்னா நோ. ஆனா பார்க்காம சொல்லாதீங்க" என்றாள்.

டிக்கெட் ஒருவருக்கு 2,350 டாலர், லாஸ் ஏஞ்சலஸ் வழி. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினோம். பக்கத்து வீட்டு இலங்கை மன்னார்க்காரர் தன் காரில் ஏர்போர்ட்டில் கொண்டுவந்து விட்டார். பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, "அண்ணை, அங்க போய் முகத்தை நீட்டிக்கொண்டு இருக்காதேங்கோ. சந்தோசமாப் போட்டு வாங்கோ" என்றார். என் முகத்தைப் பற்றி ஊரே ஒரு கருத்து வைத்திருக்கிறது போல.

பதினொன்றரைக்குக் கிளம்பிய விமானம் பதினான்கே கால் மணி நேரம் பறந்து, அதே சனிக்கிழமை காலை 6.45க்கு லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியது. கிளம்பிய நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று ரோஸ்லின் இரண்டு தடவை சொன்னாள். அங்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் காத்திருந்து, மூன்று மணி நேரம் பறந்தால் மசாட்லான். வீட்டு வாசலிலிருந்து ஹோட்டல் வாசல் வரை மொத்தம் இருபத்தாறரை மணி நேரம். ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் 25 கிலோமீட்டர், டாக்ஸி 550 பெசோ. நாங்கள் போனபோது ஒரு ஆஸ்திரேலிய டாலருக்கு ஏறக்குறைய பன்னிரண்டு பெசோ கிடைத்தது.

ஒலாஸ் ஆல்டாஸ் என்ற பழைய கடற்கரைத் தெருவில் தங்கினோம். அறை ஒரு நாளுக்கு 1,700 பெசோ. ஊருக்கு வடக்கே புதிய அடுக்குமாடி ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே தங்காதீர்கள், கோல்ட் கோஸ்ட் மாதிரியே இருக்கும். பழைய பகுதியில்தான் நூறு வருடத்துக்கு முந்தைய வீடுகள், இரும்புக் கிராதி போட்ட சன்னல்கள், மச்சாடோ என்ற சிறிய சதுக்கம் எல்லாம் இருக்கின்றன. ஒரு காலத்தில் அமெரிக்கப் பணக்காரர்கள் வந்து குளித்துவிட்டுப் போன ஊர் இது. பெயிண்ட் உரிந்த இடங்களில் அந்தக் காலம் கொஞ்சம் தெரியும். கடலோர நடைபாதை 21 கிலோமீட்டர் நீளம் என்கிறார்கள், நாங்கள் நடந்தது நான்கு. கார்னிவல் திருவிழாவுக்காக வழியில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு பெரிய பொம்மைகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை பேராலயத்தில் பூசை. மஞ்சள் கோபுரங்கள் இரண்டு, உள்ளே கூட்டமான கூட்டம். மொழி தெரியாவிட்டாலும் எங்கே எழுந்திருக்க வேண்டும், எங்கே முழங்கால் போட வேண்டும் என்று தெரியும், அதனால் சிரமமில்லை. அங்கிருந்து நேராக மார்த்தீன் வீட்டுக்கு மதியம் இரண்டு மணிக்குப் போனோம். கடற்கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, இரண்டு அறையும் ஒரு முற்றமும் உள்ள வீடு. மார்த்தீனின் அம்மா பெயர் சொகோரோ, வயது அறுபத்திரண்டு. கணவர் இறால் படகில் வேலை பார்த்தவர், நோயில் இறந்துவிட்டார். இவர் இறால் விற்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசி முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காப்பி குடிக்கலாம், பலகாரம் எடுக்கலாம். தட்டுப் போட்டுச் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ரோஸ்லினைப் பார்க்கப் போன அன்று என் அப்பா பஜ்ஜியோடு எழுந்துவிட்டார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சொகோரோ வீட்டு மேசையில் எலுமிச்சைச் சாற்றிலும் பச்சைமிளகாயிலும் ஊறிய இறால், சுட்ட மீன், சோறு, அவரைப்பயறு எல்லாம் ஆறு பேருக்கு இருந்தது. நான் காப்பி போதும் என்றேன். ஏன் என்று கேட்டார். வழக்கத்தை விளக்கினால் 'இன்னும் யோசிக்கிறேன்' என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று, வயிறு சரியில்லை என்று ஜெனியிடம் சொல்லச் சொன்னேன். ஜெனி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்பானிஷில் சொன்னாள். இரண்டு வருடமாக ஆப் வைத்துக் கற்றுக்கொண்ட ஸ்பானிஷ், முதல் தடவையாக ஒரு பொய்க்குப் பயன்பட்டது.

நான் சாப்பிடாததால் ரோஸ்லினும் சாப்பிடவில்லை. ஜெனி மட்டும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். மிச்சத்தை சொகோரோ ஒவ்வொன்றாக மூடி உள்ளே கொண்டுபோனார். நான் அதற்குள் வீட்டை அளந்துகொண்டிருந்தேன். சுத்தம், பழைய ஃப்ரிட்ஜ், சுவரில் மாதா படம், அதன் பக்கத்தில் வெரிபீ ரயில் நிலையத்தில் எடுத்த மார்த்தீனின் படம். திரும்பிப் போக அவரே பக்கத்து வீட்டு சூய் என்ற டிரைவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

சூய் ஓட்டுவது புல்மொனியா. மசாட்லான் போனால் இதில் ஏறாமல் வராதீர்கள். கதவும் சன்னலும் இல்லாத திறந்த டாக்ஸி, நம் ஊர் ஆட்டோவுக்குப் பெரியப்பா மாதிரி. பெயருக்கு நிமோனியா என்று பொருள். காற்று அடித்துக் காய்ச்சல் வரும் என்று போட்டி டாக்ஸிக்காரர்கள் கட்டிவிட்ட பெயராம். ஊருக்குள் ஒரு சவாரி 100 முதல் 150 பெசோ, ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

திங்கள்கிழமை சூய் எங்களைப் படகுத் துறைக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து சின்னப் படகில் ஐந்து நிமிடம் போனால் இஸ்லா டெ லா பியெத்ரா, கல் தீவு என்று பொருள். போக வர ஒருவருக்கு 50 பெசோ. மறுகரை முழுக்கத் தென்னை, மணலில் ஓலைக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடைகள். அலை இல்லாத கடல், வயதானவர்களும் பயமில்லாமல் இறங்கலாம். சூயும் கூட வந்தார். என் திட்டத்துக்கு அது வசதியாக இருந்தது. பையன் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் எந்த அப்பா பெண் கொடுப்பான்? போனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். குடும்பம் எப்படி, சண்டை சச்சரவு உண்டா, பையன் குடிப்பானா. சூய் பொறுமையாகப் பதில் சொன்னார். நடு நடுவே அவரும் கேட்டார். உங்கள் வேலை என்ன, வீட்டில் யார் சமைப்பது, மகளோடு சத்தம் போட்டுப் பேசுவீர்களா. நானும் உளறிக்கொண்டே அதே ஊறிய இறாலை, அக்வாசீலே என்பார்கள், இரண்டு தட்டு சாப்பிட்டேன். தட்டு 220 பெசோ. அப்படி ஒரு ருசி.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு இறால் தெருவுக்குப் போனோம். பழைய சந்தைக் கட்டடத்திலிருந்து நடக்கிற தூரம்தான். வண்ணக் குடைகளுக்குக் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பிளாஸ்டிக் தொட்டிகளில் இறாலும் ஐஸுமாக வைத்து விற்கிறார்கள். ஆஸ்திரேலியா வருவதற்கு முன் நான் தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி கம்பெனியில் பதினொரு வருடம் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். இப்போது எங்கள் வீட்டுப் பக்கம் ட்ருகனினாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். இறால் தொட்டியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. சொகோரோ எந்தக் குடையில் இருக்கிறார் என்று முதலில் கண்டுபிடித்து, அவர் பார்க்காத தூரத்தில் நின்று பத்து நிமிடம் கவனித்தேன். இதுவும் விசாரணைதான்.

ஒரு அமெரிக்கத் தம்பதி இரண்டு கிலோ கேட்டார்கள். இறாலின் தலையைப் பார்க்கத் தெரியாத ஆட்கள், எதை அள்ளிப் போட்டாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். சொகோரோ தராசில் போடுவதற்கு முன் கையில் எடுத்துப் பார்த்து, தலையில் கருப்புத் தட்டியதை எல்லாம் பொறுக்கிக் காலடியில் இருந்த வாளியில் எறிந்தார். ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்கும். பிறகு நல்லதை எடுத்து எடையைச் சரிசெய்தார். நான் பதினொரு வருடம் பார்த்த வேலை, அவ்வளவு நேர்மையாகச் செய்தவர்கள் குறைவு. இனி யாரிடமும் எதுவும் விசாரிக்கத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அந்த நினைப்போடு சிரித்த முகமாக அவர் முன்னால் போய் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. ஜெனியைப் பார்த்து என்னவோ கேட்டார். வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாராம். தேவலை என்றேன். நேற்று தீவில் இரண்டு தட்டு அக்வாசீலே சாப்பிட்டதில் தேறிவிட்டதா என்று அடுத்த கேள்வி. சூய் அவர் பக்கத்து வீட்டுக்காரர் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். நான் அவரைப் பற்றி சூயிடம் கேட்டதுபோல, அவரும் சூயை வைத்து என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இல்லை, என் வீட்டுச் சாப்பாடுதான் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் முடிவுக்கு வந்திருந்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டே அவர் இன்னொன்று சொன்னார். ஜெனி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, மார்த்தீன் ரெண்டு வருஷமா நம்ம வீட்டுக்கு வர்றான். ஒவ்வொரு தடவையும் காப்பி மட்டும்தான் குடுத்தீங்களாம். ஒரு நாள்கூட சோறு போடலையாம். உங்க வீட்டுல சோறு இல்லையான்னு கேக்குறாங்க." பிறகு அவளாகவே, "நானும் அதத்தான் கேக்குறேன்" என்றாள்.

உண்மைதான். முடிவாகாத பையனுக்கு இலை போடக்கூடாது என்று வீட்டில் நான்தான் சொல்லிவைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் வந்தால்கூடக் காப்பியும் பிஸ்கட்டும். ரோஸ்லின் பலமுறை முணுமுணுத்திருக்கிறாள். என் பக்கத்து வழக்கத்தை நான் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாய் வீட்டை விட்டுப் பதிமூன்றாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒருவன், காப்பியைக் குடித்துவிட்டுப் போய்த் தன் அறையில் தனியாகச் சாப்பிட்டிருப்பான் என்று ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை. அந்தத் தெருவில் நின்று எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் வழக்கத்தைச் சொன்னேன். சம்மதம் சொல்லும்வரை சாப்பிடுவதில்லை என்று ஜெனி விளக்கி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது, பக்கத்துக் குடைப் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சொகோரோ கடைசி வரை கேட்டுவிட்டு நிதானமாகப் பேசினார். இங்கே சாப்பாடு போடுவதற்கு அர்த்தம் சாப்பாடு போடுவதுதான், சம்மதம் வேறு. அதை அவரும் இன்னும் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை. மகனைக் கொடுக்கிற வீட்டைப் பார்க்க அவருக்கும் ஆசைதான், ஆனால் டிக்கெட் போட்டு வந்து பார்க்க வசதி இல்லை. இனி எங்களைச் சாப்பிடக் கூப்பிட மாட்டார், வீடு எங்கே இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அவ்வளவு சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார்.

புதன்கிழமை கலங்கரை விளக்கம் ஏறினோம். ஊரின் தெற்கு மூலையில் குன்றின் மேல் இருக்கிறது. முதலில் மண் பாதை, பிறகு முந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். எண்ண ஆரம்பித்தேன், மூச்சு வாங்கியதில் கணக்கு விட்டுப்போயிற்று. இளைஞர்களுக்கு அரை மணி நேரம், எங்களுக்கு ஐம்பது நிமிடம். காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு பக்கம் துறைமுகத்தில் இறால் படகுகள், மறுபக்கம் திறந்த கடல். ஜெனி படம் எடுக்கப் போனபோது ரோஸ்லின் சொன்னாள். "நீங்க அவங்க வீட்டப் பார்க்க வந்தீங்க. அவங்க நம்மளப் பார்த்துட்டாங்க." இறங்கும்போது முழங்கால் வலித்தது.

நடைமுறைத் தகவல்களை இங்கேயே கொட்டிவிடுகிறேன், அப்புறம் எனக்குப் பொறுமை இருக்காது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை போங்கள். மெல்பர்னில் குளிர்கிறது என்று ஜூலை, ஆகஸ்டில் போனால் அங்கே புழுக்கமும் மழையும் புயலும். கார்னிவல் வாரத்தில் அறை கிடைக்காது. ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை, ஆனால் அமெரிக்கா வழியாகப் போனால் அந்த நாட்டின் ஆன்லைன் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தூதரகத்தில் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். மசாட்லான் இருக்கிற சினலோவா மாநிலத்தைப் பற்றி ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் பயண எச்சரிக்கை கடுமையாகவே இருக்கிறது. படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், சில இன்சூரன்ஸ் செல்லாமலும் போகலாம். நாங்கள் ஊரை விட்டு வெளியே போகவில்லை, இருட்டிய பிறகு ஹோட்டல் தெருவைத் தாண்டவில்லை. கையில் சில்லறை பெசோ வைத்துக்கொள்ளுங்கள், படகிலும் சந்தையிலும் கார்டு நடக்காது. நேர வித்தியாசம் பதினெட்டு மணி நேரம்.

வியாழக்கிழமை காலை ஜெனியிடம், சொகோரோவுக்குப் போன் போட்டு மதியம் சாப்பிட வருகிறோம் என்று சொல்லச் சொன்னேன். கூப்பிடாத வீட்டுக்கு நானாகச் சாப்பிட வருகிறேன் என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பதில் ஒரே வரியில் வந்தது. இரண்டு மணிக்கு.

விசேஷமாக ஒன்றும் சமைத்திருக்கவில்லை. வேலை நாள், தெருவிலிருந்து ஒரு மணிக்குத்தான் வந்திருக்கிறார். அவரைப்பயறு, சோறு, பொரித்த மீன், சூடான சோளரொட்டி. தட்டுப் பக்கத்தில் முள்கரண்டி வைத்திருந்தார். கை கழுவ எங்கே என்று கேட்டேன். முற்றத்துக் குழாயைக் காட்டினார். நான் கழுவிவிட்டுத் திரும்பியபோது ரோஸ்லின் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெனி என்னைப் பார்க்காமல் ரொட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து, சோற்றில் கை வைத்துச் சாப்பிட்டேன். மீனில் உப்பு கொஞ்சம் குறைவு. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டு முடித்த பிறகு ஜெனியிடம், "அவங்களுக்குச் சம்மதமான்னு கேளு. மரியாதையா கேளு" என்றேன். சொகோரோ தட்டுகளை அடுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கே எல்லா வீட்டிலும் எல்லோரும் சேர்ந்து உட்காருவார்கள். மார்த்தீன் ஞாயிறுதோறும் சாப்பிடும்போது போனைத் தட்டுக்கு எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிடுகிறானாம். அவன் ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சாப்பிடக்கூடாது.

அங்கே மணி மூன்று, மெல்பர்னில் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது. ஜெனியின் போனை வாங்கி நானே மார்த்தீனைக் கூப்பிட்டேன். வேலையில் இருந்தான், நான் கூப்பிட்டதும் பயந்துவிட்டான். ஞாயிறு காலை வந்து இறங்குகிறோம், மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வா என்று சொன்னேன். இறங்கிய அன்றைக்கே சமைக்க வேண்டும், ஆனாலும் ரோஸ்லின் முறைக்கவில்லை.

அவன் தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டான்.

"காப்பிக்கா, அங்கிள்?"

"இல்லப்பா," என்றேன். "சாப்பிட வா."